கும்பகோணத்தில் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்க: தாய்ப் பத்திரம் முதல் தட்டோடு வரை

கும்பகோணத்தில் ஒரு பழைய தெரு வீட்டை வாங்கிச் செப்பனிட்டுக் குடியேற எனக்கு இருபத்தாறு மாதங்கள் பிடித்தன. கொத்தனாரும் ஆசாரியும் எடுத்துக்கொண்டது அதில் பதினொரு மாதம்தான். மீதியெல்லாம் காகிதத்துக்குப் போனது. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கும் வீடுதான்: 18 அடி அகலம், 140 அடி நீளம், திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை. சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கிய அனுபவத்தை நம்பி இறங்கினேன். அது அரைக்காசுக்கு உதவவில்லை. அங்கே கட்டிக் கொடுப்பவர் ஒருவர், பத்திரம் ஒன்று. இங்கே நான்கு தலைமுறையாகப் பாகம் பிரிக்காத குடும்பம்.

2028-இல் மகாமகம் வருகிறது. யாத்ரீகர்களுக்கு அறை விடலாம் என்று பலரும் வீடு தேடுகிறார்கள். தரகர்களும் அதைச் சொல்லியே விரட்டுகிறார்கள். விரட்டுக்கு மசியாதீர்கள். கீழே உள்ள வரிசையை மாற்றவும் வேண்டாம். மாற்றியதற்கு நான் கொடுத்த விலை முதல் தலைப்பிலேயே இருக்கிறது.

1. தரை யாருடையது?

விலை, தூண், முற்றம் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு கேள்வி. கோயில் நகரங்களில் பல வீடுகள் அடிமனையில் நிற்பவை. தரை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். அதன்மேல் உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. அவர் தரை வாடகை கட்டி வருவார். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதை ‘எங்கள் வீடு’ என்று சொல்வதில் பொய் கிடையாது. ஆனால் அவர்களால் உங்களுக்கு விற்க முடிந்தது செங்கல்லும் மரமும்தான்.

நான் முதலில் முன்பணம் கொடுத்த வீடு அப்படிப்பட்டது. அக்கம்பக்கத்து விலையில் பாதிதான் சொன்னார்கள். வாரிசுகளுக்குப் பண நெருக்கடி என்றார் தரகர். ஒரு லட்சம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வழக்கறிஞரிடம் போனேன். அவர் பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘மேல்கட்டடம் மாத்திரம்’ என்ற இரண்டு சொற்களை விரலால் தொட்டுக் காட்டினார். பணத்தைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. பதினைந்தாயிரம் வரவே இல்லை.

இதைச் சரிபார்க்கச் செலவு அதிகம் இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். வார்டு, பிளாக், நகர அளவை எண் கையில் இருந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் சுவாமி பெயரோ ‘தேவஸ்தானம்’ என்ற சொல்லோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அறநிலையத் துறையும் கோயில் நிலங்களின் விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது, அதிலும் தேடுங்கள். இன்னொரு எளிய வழி: விற்பவரிடம் சொத்து வரி ரசீதைக் கேட்கும்போது, “தரை வாடகை ரசீதும் இருக்கிறதா?” என்று சாதாரணமாகச் சேர்த்துக் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டியவர்கள் பெருமையாகவே எடுத்து நீட்டுவார்கள்.

கோயில் நிலத்தை விற்க அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்கமாட்டார். நீண்ட நாள் குடியிருந்தவர் தரையை விலைக்குக் கேட்கலாம் என்று 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் சிலர் உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். 1996-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அது கோயில் நிலங்களுக்குப் பொருந்தாது. அடிமனை என்று தெரிந்தே வாங்கிக் குடியிருப்பவர்களும் உண்டு. அது அவர்கள் துணிச்சல். பெருஞ்செலவு செய்து புதுப்பிக்கப் போகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

2. தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும்

பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் கணினியில் இருப்பது பொதுவாக 1975-இலிருந்துதான். பழைய வீட்டின் கதை பெரும்பாலும் அதற்கு முன்னால்தான் நடந்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கையால் எழுதும் சான்றை வாங்குங்கள். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முப்பது ஆண்டுக்கு வாங்கினால் போதும் என்று சொல்லும் பத்திர எழுத்தரை நம்ப வேண்டாம். என் வீட்டின் மேல் 1961-இல் எழுதிய ஓர் அடமானம் தீர்க்கப்பட்டதாகப் பதிவே இல்லாமல் கிடந்தது.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். கதவு எண் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். பழைய பத்திரங்களில் சர்வே எண்ணைவிட நான்கெல்லையைத்தான் நம்பி எழுதினார்கள்: இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, கிழமேல் ஜாதியடி இத்தனை, தென்வடல் இத்தனை. அந்த இன்னார்கள் காலமாகி அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். ஒவ்வொரு பத்திரத்தின் சக்குபந்தியையும், அதாவது இந்த நான்கெல்லை விவரத்தை, ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்கு நகர்வது தெரிந்தால் அதே மனைதான். அளவு மட்டும் ஒரு பத்திரத்தில் திடீரென்று கூடியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

அசல் தாய்ப் பத்திரத்தை (சொத்து இந்தக் குடும்பத்துக்கு வந்த மூலப் பத்திரம்) கண்ணால் பார்க்காமல் மேலே போகாதீர்கள். சான்றிட்ட நகல் மட்டும் இருந்தால் அசல் எங்கோ ஒரு வங்கியிலோ, சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியின் பீரோவிலோ இருக்கக்கூடும். உண்மையிலேயே தொலைந்திருந்தால், விற்பவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றைப் பெற்றுத் தர வேண்டும். அந்தச் செலவும் நேரமும் அவருடையவை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வழக்கறிஞருக்குச் சட்டக் கருத்துக்காக நான் கொடுத்தது 15,000 ரூபாய். முழுக் கொள்முதலிலும் பயனோடு செலவான பணம் அதுதான்.

3. வாரிசுகளை எண்ணுங்கள்

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ்களை வாங்கி, ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் வரையுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு முதியவர் யாரிடமாவது போய்ப் பேசுங்கள். சிரிக்காதீர்கள். என் வீட்டில் ஆறு வாரிசுகள் என்று சான்று சொன்னது. எதிர்த் திண்ணைப் பாட்டி ஏழாவதாக ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். கல்யாணமாகி சிங்கப்பூர் போனவர். அவர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் முடிந்திருந்தால் பத்து வருடம் கழித்து அவருடைய மகன் வழக்குப் போட்டிருக்கலாம்.

பெண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. ‘நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று’ என்பது சட்டத்தில் செல்லாது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை இந்தத் திருத்தம் கலைக்காது. அப்படி ஒன்று இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். இல்லையென்றால் எல்லோரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பங்கு வேண்டாதவர்கள் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். வெறும் வெள்ளைத் தாளில் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்குவதால் பயனில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்புவார். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பதிவின்போது கேட்பார்கள். முப்பது நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அதைக் கடைசியில் வாங்குங்கள்.

4. மழையில் ஒருமுறை பாருங்கள்

சித்திரை வெயிலில் எல்லாப் பழைய வீடும் அழகுதான். ஐப்பசி அடைமழையில் போய்ப் பாருங்கள். முற்றத்து நீர் எங்கே போகிறது, பக்கத்து வீட்டுத் தாழ்வார நீர் உங்கள் சுவரில் விழுகிறதா, எந்த அறையில் வாளி வைத்திருக்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மாடி மெட்ராஸ் டெரஸாக (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய தளம்) இருந்தால் தேக்குக் கட்டைகளின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை உளுத்துப் போவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டி ஒரு திருப்புளியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை போயிற்று. எங்கள் கூடத்தில் பதினாறு கட்டைகளில் ஐந்து அப்படி. மேலே ஏறி, ஒழுகலை நிறுத்துவதற்காகச் சிமென்ட் காங்கிரீட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தச் சுமையைத் தாங்கும் கணக்கில் யாரும் அந்தக் கட்டைகளை வைக்கவில்லை.

சுவரில் உப்புப் பூத்து, இடுப்பு உயரத்துக்கு மட்டும் சிமென்ட் பூசியிருந்தால், ஈரம் அதற்கு மேலே ஏறியிருக்கும். புதுப் பெயின்ட் வாசம் அடிக்கும் அறையில் அதிக நேரம் நில்லுங்கள். கறையான் மண்கோடு நிலைப்படிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

ஒரு நில அளவையாளரை வைத்து அளங்கள். எங்கள் வீடு வாசலில் 18 அடி, கொல்லையில் பதினாறரை. பக்கச் சுவர் பொதுச்சுவரா, யாருடையது என்று பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பக்கத்து வீட்டு உத்திரம் உங்கள் சுவரில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சுவரைத் தொட உங்களுக்கு அவர் சம்மதம் வேண்டும். திண்ணையும் அதன் முன்படியும் பல தெருக்களில் சாலைப் புறம்போக்கில் இருக்கின்றன. அதற்கு விலை கொடுக்காதீர்கள்.

5. விலை, ஒப்பந்தம், வரி

கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லா வாரிசும் அதில் இருக்க வேண்டும். குடித்தனக்காரர் இருந்தால் அவர் காலி செய்து சாவி கொடுத்த பிறகே கிரயம் என்று எழுதுங்கள். ‘அடுத்த மாதம் போய்விடுவார்’ என்பதை நம்பி ஒரு நண்பர் மூன்று ஆண்டாக வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறார், 1,200 ரூபாய்.

செலவு இது: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்திருக்கும் விலை), நீங்கள் கொடுக்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். என் வீட்டின் விலை 68 லட்சம். ஆக 6,12,000 ரூபாய் அங்கேயே போனது. கொஞ்சத்தைக் கருப்பில் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். வீட்டுப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம். விற்பவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் அவர்களே வங்கி வழி வந்துவிடுவார்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பல வாரிசுகள் இருக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழேதானே என்று விட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விற்பவருக்கும் தனித்தனிப் படிவம். வெளிநாட்டில் குடியிருக்கும் வாரிசுக்கு இந்த 50 லட்சக் கணக்கே கிடையாது. அவர் பங்கிலிருந்து இதைவிடப் பல மடங்கு அதிக விகிதத்தில் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் பொறுப்பு உங்களுடையது. குறைவாகப் பிடிப்பதற்கான சான்றை வருமான வரி அலுவலகத்தில் அவர் முன்கூட்டியே வாங்கலாம். எங்கள் சிங்கப்பூர் வாரிசுக்கு அது வர இரண்டரை மாதம் ஆனது. அதுவரை எல்லாம் நின்றது.

வங்கிக் கடன்? இரண்டு வங்கிகள் கட்டட வயதைக் கேட்டதும் கோப்பை மூடிவிட்டன. மூன்றாவது, தரையின் மதிப்புக்கு மட்டும் கொடுத்தது. அனுமதி பெற்ற வரைபடம் இந்த வீடுகளுக்கு இருக்காது என்பதால் புதுப்பிக்கும் செலவுக்குக் கடன் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

6. பதிவும் அதற்கு அடுத்த வாரமும்

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பதியமாட்டார்கள். அதனால் ஆவணி, தை முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. ஏழு கையெழுத்துக்காரர்களையும் அப்படி ஒரு நாளில் மாலை ஆறு மணி வரை உட்கார வைத்தால், யாராவது ஒருவருக்கு பஸ் நேரமாகிவிடும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றைப் பிடியுங்கள். சம்பிரதாயம் பார்ப்பவர்களுக்கு நல்ல ஹோரை சொல்லிச் சமாதானப்படுத்தலாம்.

பத்திரத்தில் கட்டட அளவையும் வயதையும் சரியாக எழுதுங்கள். நேரில் பார்வையிட வருவார்கள்; பின்கட்டை எழுதாமல் விட்டிருந்தால் கூடுதல் தீர்வை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது.

பதிவான ஒரு வாரத்தில் மறுபடியும் வில்லங்க விவரம் எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, அளவை எண் சரியா என்று பாருங்கள். பிறகு நகர அளவைப் பதிவேடு, சொத்து வரி, குடிநீர், பாதாளச் சாக்கடை, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றம். பழைய வரி பாக்கியைப் பதிவுக்கு முன்பே விற்பவரைக் கட்ட வையுங்கள்.

7. அனுமதி

ஓடு மாற்றுவது, பூசுவது, தரை போடுவது போன்ற பழுதுபார்ப்புக்கும், சுவரை இடித்து அறை கூட்டுவதற்கும் மாநகராட்சியில் நடைமுறை வேறு. எழுத்து மூலம் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். முகப்பை இடித்துவிட்டால் பழைய வீடு என்ற நிலை போய்விடும். புதுக் கட்டடத்துக்கு உண்டான பக்கவாட்டு இடைவெளியைக் கேட்பார்கள். 18 அடி மனையில் இருபுறமும் இடம் விட்டால் நடைபாதைதான் மிஞ்சும். உங்கள் தெரு ‘தொடர் கட்டடப் பகுதி’யில் (இடைவெளி விடாமல் ஒட்டிக் கட்ட விடும் பகுதி) வருகிறதா என்பதை முதலில் கேளுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வாங்கும் வசதி 2024-இல் வந்தது. பத்திரப்படி என் மனை 2,520.

தாராசுரம் பக்கம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு. ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்தகைய சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது; பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரிலும் அனுமதி பெற்றே கட்டலாம்.

8. வேலை

வரிசை: கூரை, வடிகால், மின்கம்பி, சுவர், தரை, மரச்சாமான். எல்லோரும் தூணை மெருகேற்றுவதில் ஆரம்பிப்பார்கள். நானும்தான். கூரை வேலையில் விழுந்த சுண்ணாம்புத் தூளில் தூண்களை மறுபடி துடைத்து மெருகேற்ற 22,000.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். சிமென்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டு மழைக்குள் பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றிச் சில வாரங்களாவது ஊற வைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. ‘தெரியும்’ என்று சொல்லும் மேஸ்திரியிடம் அவர் பூசி ஒரு மழை கண்ட சுவரைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு ஆள் கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது. ஒரு பூச்சு காய்ந்து அடுத்ததற்குப் போக நாள் பிடிக்கும். கூலியை நாள்கணக்கில் பேசினால் நீங்கள் தாங்கமாட்டீர்கள், சதுர அடிக்குப் பேசுங்கள்.

மாடியில் பழைய தட்டோட்டை எடுக்கும்போது உடையாதவற்றைத் தனியாக அடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளே பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். நாட்டு ஓட்டுப் பகுதிக்கு உதிரியாக ஐந்நூறு ஓடாவது வாங்கிக் கொல்லையில் வையுங்கள். எங்கள் தெருக் குரங்குகளுக்கு வாரம் பத்து வேண்டும்.

மதிப்பீடு 16 லட்சம் என்றார்கள். 27 ஆனது. அதிகப்படிக்குப் பாதிக் காரணம் அந்த ஐந்து கட்டைகள். தேக்கு வாங்கி, சுவரை உடைத்து, முட்டுக் கொடுத்து மாற்றியது. மதிப்பீட்டோடு அதில் பாதியைச் சேர்த்துக் கையில் வைத்திருந்தால்தான் தொடங்குங்கள்.

தை மாதம் வேலை தொடங்கி, கூரையைப் புரட்டாசிக்குள் மூடிவிட வேண்டும். ஒப்பந்தக்காரருக்கான தொகையில் பத்து சதவீதத்தை மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைப்பதாக முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்த முதல் ஐப்பசியில் ரேழியின் மூலையில் ஓர் இடம் ஒழுகியது. தொலைபேசியில் கூப்பிட்ட மறுநாளே ஆள் வந்தார்.